உங்கள் தோட்டத்துக் கோரை உள்ளூரா, அயலா? பெயர் கண்டுபிடிப்பது முதல் பதிவேட்டில் எழுதுவது வரை

மஞ்சள் தோட்டத்தில் கோரை விழுந்துவிட்டால் கொங்குப் பக்கம் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஏரி வண்டல் அடித்தபோது வந்தது, நர்சரி மண்ணோடு வந்தது, வாய்க்கால் தண்ணீரில் வந்தது. தோட்டத்துக்குள் அது எப்படி நுழைந்தது என்பதற்கு இவை சரியான பதில்களாக இருக்கலாம். ஆனால் இந்தச் சீமைக்கே அது அயல் செடியா, இங்கேயே இருந்ததா என்பது வேறு கேள்வி. ஊரில் உள்ள செடிகொடி, உயிரினங்களைக் குறித்து வைக்கும் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்காக இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடி நான் நிறைய அலைந்தேன். எதைக் கொண்டுபோவது, யாரிடம் காட்டுவது, எந்தத் தளத்தை எவ்வளவு நம்புவது என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். பதிவேடு, கல்லூரி புராஜெக்ட், சொந்த ஆர்வம் என்று எதற்காக இருந்தாலும் வழி இதுதான்.

செடியைத் தோண்டுவதிலிருந்து பெயர் உறுதியாவது வரை ஒரு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். லென்ஸ், பழைய பேப்பர், பஸ் செலவு எல்லாம் சேர்ந்தாலும் ஆயிரம் ரூபாய் தாண்டாது. அடையாளம் காணக் கட்டணம் கேட்டால் அது தனி.

1. முதலில் அது கோரைதானா என்று பாருங்கள்

தண்டின் அடிப்பகுதியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். மூலை தட்டி நின்று நின்று உருண்டால் பெரும்பாலும் கோரை. பிளேடால் குறுக்கே வெட்டினால் முக்கோணமாக, உள்ளே நிறைவாக இருக்கும். புல்லின் தண்டு உருண்டையாக, கணுக் கணுவாக, பெரும்பாலும் உள்ளே கூடாக இருக்கும். இலையையும் பாருங்கள். மேலிருந்து நோக்கினால் கோரையின் இலைகள் மூன்று பக்கம் பிரியும், புல்லில் இரண்டே பக்கம்தான். கோரையின் இலையடி தண்டைச் சுற்றி மூடிய குழாயாக இருக்கும். புல்லில் அது பிளந்திருக்கும்.

குளத்தோரம் ஆளுயரம் நிற்கும் சம்பு வேறு குடும்பம், அதை இதில் சேர்க்காதீர்கள். உருண்டைத் தண்டுள்ள கோரைகளும் ஈர நிலங்களில் உண்டு. எனவே தண்டை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

2. பூவும் விதையும் இருக்கும்போது போங்கள்

கோரையின் பெயரை இலையை வைத்துச் சொல்ல முடியாது. முற்றிய விதை இருந்தால்தான் தெரிந்தவர்களே வாய் திறப்பார்கள். மானாவாரிக் காட்டில் ஐப்பசி மழை விழுந்து சில வாரம் கழித்து, கார்த்திகையில் தேடுங்கள். கீழ்பவானி ஆயக்கட்டில் வழக்கம்போல் ஆகஸ்ட் 15ஐ ஒட்டித் தண்ணீர் விட்டால், நடவு முடிந்து ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, அறுப்புக்கு முன்னால் போகலாம். மஞ்சள், கரும்புத் தோட்டங்களில் ஒரு களை எடுத்த பிறகு மறுபடி கிளம்பி வருவது நன்றாகப் பூக்கும். அடுத்த களைக்கு ஆள் விடுவதற்குள் போய்விட வேண்டும். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "ஏனுங்க, அந்த மூலையை மட்டும் ரெண்டு நாளைக்கு விட்டு வையுங்க." களையை விட்டு வைக்கச் சொல்கிறானே என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

பனி காய்ந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல் எடுங்கள். ஈரத்தோடு அழுத்தினால் பூஞ்சை பிடிக்கும்.

ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களிலும் மற்ற காப்புக் காடுகளிலும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் களைச்செடியைக்கூடப் பிடுங்காதீர்கள். புராஜெக்ட் என்று சொல்லித் தப்ப முடியாது. அனுமதிக்கு விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் ஆகலாம். ஆரம்பத்தில் தோட்டம், வயல், வாய்க்கால் கரை போதும்.

3. பிடுங்காதீர்கள், தோண்டுங்கள்

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். கையால் இழுத்தால் தண்டு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அப்புறம் அந்த மாதிரியை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தை இறக்கி, மண்கட்டியோடு பெயர்த்து எடுங்கள். கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு மெதுவாக அலசுங்கள். மண் கரையக் கரைய, மேட்டு நிலத்தில் அதிகம் மாட்டும் கோரையில் கம்பி போன்ற வேர்த்தண்டு ஒரு கிழங்கிலிருந்து அடுத்ததற்கும், அதிலிருந்து இன்னொன்றுக்கும் ஓடுவது தெரியும். கிழங்குகள் கறுப்பேறிய பழுப்பில், நார் போர்த்து, சொரசொரப்பாக இருக்கும். இந்தச் சரம் அறாமல் வந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்தச் சரத்தின் குணத்தைத் தெரிந்துகொண்டால் களையெடுப்பு ஏன் தோற்கிறது என்பதும் புரியும். சரத்தில் நுனிக் கிழங்கு முளைத்துக்கொண்டிருக்கும்வரை மற்றவை அடங்கிக் கிடக்கும். கொத்து விழுந்து சரம் துண்டானால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக முளைக்கும். கிழங்கே இல்லாத ஒருபருவக் கோரைகளை விதை கட்டுமுன் கொத்தினால் அந்தப் போகத்துக்கு விட்டது தொல்லை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்து கூலியை இறைப்பவர்கள் நிறைய. பெயர் தெரிந்துகொள்வதில் காசு லாபமும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரே இடத்தில் மூன்று செடியாவது எடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பெயரை உறுதி செய்யும் அலுவலகத்துக்கு (ஏழாம் படி), ஒன்று பிரித்துப் பார்க்க.

4. குறிப்பை அங்கேயே எழுதுங்கள்

வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று வந்தால் பாதி மறந்துபோகும். தேதி, ஊர், வட்டம், மாவட்டம், போனில் எடுத்த ஜி.பி.எஸ். எண்கள், மண் (செம்மண், கரிசல், வண்டல்), பயிர், தண்ணீர் (வாய்க்கால், கிணறு, மானாவாரி), செடியின் உயரம், பூங்கொத்தின் நிறம், உங்கள் பெயர், மாதிரி எண் ஆகியவை கட்டாயம் வேண்டும். நிறத்தை விடவே விடாதீர்கள். உலர்ந்தால் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும்.

இன்னொன்று: அந்தச் செடி வேறு எங்கெல்லாம் நிற்கிறது என்று சுற்றிலும் பார்த்து எழுதுங்கள். உழுத நிலத்தில் மட்டுமா, பள்ளத்து ஓரத்திலும் இருக்கிறதா, யாருடைய வீட்டுத் தோட்டத்திலாவது வளர்க்கிறார்களா? ஒன்பதாம் படியில் இந்த ஒரு வரிதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

5. உலர்த்துவது

பழைய பேப்பர் கடையில் ஒரு கிலோ செய்தித்தாள், இரண்டு அட்டைப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை, மேலே வைக்க நாலு செங்கல் போதும். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் ஈரம் உறிஞ்சாது, வேண்டாம். செடி நீளமாக இருந்தால் 'வி' வடிவில் மடக்குங்கள். பெரிய கிழங்கை நெடுக்கே பாதியாகப் பிளந்து வையுங்கள். முதல் நாலைந்து நாள் தினமும் பேப்பரை மாற்ற வேண்டும். மாசி, பங்குனியில் ஒரு வாரத்தில் காயும், மழைக்காலத்தில் இரண்டு வாரம் ஆகும். வெயிலில் நேராகப் போடாதீர்கள், சுருண்டுவிடும். ஒட்டுகிற தாள் 42 செ.மீ.க்கு 28 செ.மீ. இருக்க வேண்டும். பூச்சி வராமலிருக்கப் பாதரச மருந்து தடவச் சொல்லிப் பழைய கையேடுகளில் இருக்கும். அது விஷம், வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

6. கொங்கில் கண்ணில் படக்கூடியவை

இருநூறு முந்நூறு ரூபாய்க்குப் பத்து மடங்கு காட்டும் லென்ஸ் கிடைக்கும். அது கையில் இருந்தால் முதல் வடிகட்டலை நீங்களே செய்துவிடலாம்.

மேட்டு நிலத்தில் அதிகம் மாட்டுவது சைபரஸ் ரொட்டண்டஸ். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு, முத்தக்காசு என்று விற்பது இதன் கிழங்கைத்தான். பூங்கதிர் செம்பழுப்பாக அல்லது ஊதா கலந்த பழுப்பாக இருக்கும். இலை கரும்பச்சை, நுனி சட்டென்று கூராகும். கிழங்கு சரமாக இருக்கும், நசுக்கினால் மருந்து வாசம் அடிக்கும்.

இதோடு குழம்பிப்போவது சைபரஸ் எஸ்குலென்டஸ். பூங்கதிர் வைக்கோல் மஞ்சள் அல்லது பொன்பழுப்பு, இலை சற்று வெளிர், நுனி நீளமாக இழுத்துக் கூராகும். முக்கியமான வித்தியாசம் மண்ணுக்குள் இருக்கிறது: வேர்த்தண்டின் கடைசியில் ஒற்றைக் கிழங்குதான், சரம் கிடையாது. இந்தக் கிழங்கு இனிக்கும், ரொட்டண்டஸ் கசக்கும். ஆனால் மருந்தடித்த தோட்டத்தில் கடித்துப் பார்க்கிற சோதனை வேண்டாம்.

நெல் வயலில் இரண்டு வரும். இரண்டுக்கும் கிழங்கு இல்லை, நார் வேர்தான். பூங்கதிர்கள் நெருக்கமாக உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தால் சைபரஸ் டிஃபார்மிஸ். மஞ்சளோடிய கதிர்கள் தளர்ந்து விரிந்திருந்தால் சைபரஸ் இரியா. பாதையோரத்தில் தட்டையான, பச்சையான பெரிய கதிர்களோடு குட்டையாக இருப்பது பெரும்பாலும் சைபரஸ் கம்ப்ரெஸ்ஸஸ். புல்தரையில் தண்டு நுனியில் ஒரே ஒரு குட்டி உருண்டை இருந்தால் கில்லிங்கா வகை. சந்தேகமிருந்தால் விதையை லென்ஸில் பாருங்கள். மேலே சொன்ன சைபரஸ்களின் விதை மூன்று பட்டை, கில்லிங்காவின் விதை இரண்டு பக்கம் தட்டியது.

வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கும் குடைக்கோரையும் உண்டு. இலையில்லாத நீளத் தண்டு, உச்சியில் குடைக்கம்பிகள் மாதிரி சுற்றிலும் விரிந்த பூவடி இலைகள். இது ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டச் செடியாக வந்தது. சாக்கடையோரம், வாய்க்கால் ஓரம் பார்த்தால் பக்கத்தில் எந்தத் தோட்டத்திலிருந்து தப்பியது என்று விசாரியுங்கள்.

கரூர், மோகனூர் பக்கம் காவிரிக் கரையில் பாய் முடையப் பயிரிடும் கோரை களை அல்ல, நட்டு வளர்க்கும் பயிர். வரப்பு தாண்டி அது நின்றால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

7. பெயரை உறுதி செய்ய எங்கே போவது

கோவை லாலி ரோட்டில், வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று உலகம் முழுக்க அறியப்படும் உலர் செடிகளின் தொகுப்பு இங்கேதான். காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போகலாம். மத்திய அரசு அலுவலகம், சனி ஞாயிறு போகாதீர்கள். அன்றே பதில் வாங்கிக்கொண்டு திரும்பும் எண்ணத்திலும் போகாதீர்கள். செடியைப் பிரித்துப் பார்த்து, பழைய மாதிரிகளோடு ஒப்பிட நேரம் வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை:

- மையத்தின் தலைவருக்கு எழுதிய கோரிக்கைக் கடிதம், இரண்டு நகல். ஒன்றில் பெற்றதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.
- மாணவர் என்றால் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் கல்லூரி அடையாள அட்டையும். மற்றவர்களுக்கு ஆதார் நகல்.
- பூ, விதை, கிழங்கு (கிழங்கில்லாத கோரை என்றால் வேர்) மூன்றும் உள்ள உலர்ந்த மாதிரி, குறைந்தது இரண்டு. ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.
- நாலாம் படியில் எழுதிய குறிப்பு, தட்டச்சு செய்தது.
- செடி நின்ற இடம், பூங்கொத்து, கழுவிய கிழங்கு ஆகியவற்றின் படங்கள்.

கட்டணம் உண்டா, எவ்வளவு, எப்படிச் செலுத்துவது என்பதைப் புறப்படும் முன் போனில் கேட்டுவிடுங்கள். 'அடையாளம் காண வேண்டும்' என்பதும் 'சான்றிதழ் வேண்டும்' என்பதும் வெவ்வேறு கோரிக்கைகள். உங்களுக்கு எது தேவையோ அதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

போன் போட்டோவைப் பார்த்தே சான்று எழுதித் தருகிற இடங்களும் இருக்கின்றன. அப்படி ஓரிடத்தில் நான் காசு கட்டி வாங்கிய தாளில் இருந்த இனத்துக்குக் கிழங்கே கிடையாது. நான் அனுப்பிய படத்திலோ கிழங்குச் சரம் தெளிவாகத் தெரிந்தது. மாதிரியைக் கேட்காமல் பெயர் சொல்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். களையை அழிப்பது பற்றி மட்டும்தான் கேள்வி என்றால் லாலி ரோடு வரைகூடப் போக வேண்டாம், பக்கத்து வேளாண் அறிவியல் நிலையம் போதும்.

8. பரவலைத் தேடுவது

பெயர் வந்த பிறகுதான் இந்தப் படி. முதலில் அந்தச் செடியின் பழைய பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். கில்லிங்கா, பைக்ரியஸ், மரிஸ்கஸ் என்று தனித்தனியாக இருந்த பல பேரினங்களை இப்போது சைபரஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். புதுப் பெயரை மட்டும் தேடினால் பழைய பெயரில் இருக்கும், உலர்ந்த மாதிரி ஒட்டிய தாள்கள் தப்பிப்போகும்.

லண்டன் கியூ தோட்டத்தின் 'பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் பூர்வீக நாடுகள் ஒரு நிறத்திலும், பின்னால் போய்ச் சேர்ந்த நாடுகள் இன்னொரு நிறத்திலும் இருக்கும். இலவசம். ஆனால் அந்த வரைபடம் உலகைப் பெரிய பெரிய துண்டுகளாக வெட்டி நிறம் அடிக்கிறது. ராஜஸ்தானும் கன்னியாகுமரியும் ஒரே துண்டு. இந்தியாவின் ஒரு மூலையில் பூர்வீகமாக இருந்தாலும் கொங்கு நாடும் சேர்ந்தே நிறம் பெறும். அதைப் பார்த்து 'ஈரோட்டில் பூர்வீகம்' என்று எழுதிவிடாதீர்கள்.

உலகெங்கும் உள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஜிபிஃப் (GBIF) தளம், செடி கிடைத்த இடங்களைப் புள்ளி புள்ளியாகக் காட்டும். அங்கே 'பாதுகாக்கப்பட்ட மாதிரி' என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு எடுத்தார்கள் என்று வரும். ஒரு மாவட்டத்தின் நட்ட நடுவில் புள்ளி இருந்தால் சந்தேகப்படுங்கள். மாவட்டப் பெயர் மட்டும் எழுதிய பழைய தாளுக்குப் பின்னால் போட்ட புள்ளியாக இருக்கலாம். இந்திய மெய்நிகர் ஹெர்பேரியத்தில் தாள்களின் படமே கிடைக்கும், லேபிளை நீங்களே படிக்கலாம்.

பழைய லேபிளில் 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்றிருந்தால் உடனே இன்றைய கோவையில் போய்த் தேடாதீர்கள். ஈரோடு தனியாகப் பிரிந்தது 1979இல், திருப்பூர் 2009இல். இன்று கர்நாடகத்தில் உள்ள கொள்ளேகாலம்கூட 1956 வரை கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. நாமக்கல் 1997 வரை சேலம். ஊர்ப் பெயர் இல்லாத தாளை உங்கள் வட்டத்துக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இடங்களில் ஆட்கள் போட்ட படங்களும் உதவும். ஆனால் கோரைக்கு அங்கே வரும் பெயர்களில் கிழங்கையும் விதையையும் காட்டாத படங்களை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இணையத்தில் பாதிக்கு மேல் முடிந்துவிடும், இரண்டு மாலை நேரம் போதும். மிச்சத்துக்கு நூலகம் வேண்டும். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் தொடங்கி, அவர் காலமான பிறகு ஃபிஷர் முடித்த நூலில் கோரைக் குடும்பம் ஃபிஷர் எழுதிய பகுதியில் வருகிறது. ஆனைமலைத் தாவரங்களை ஆராய்ந்து 1921இல் வெளியிட்டவரும் இதே ஃபிஷர்தான், எனவே நம் பக்கத்துக் குறிப்புகளுக்கு நம்பிப் புரட்டலாம்.

9. உள்ளூரா, அயலா என்று முடிவு கட்டுவது

பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குவது இங்கே. களை என்றாலே அயல் என்று எழுதிவிடுகிறார்கள். பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் நம் மனதில் அப்படிப் பதிந்துவிட்டன. ரொட்டண்டஸ் 90க்கும் மேற்பட்ட நாடுகளில் களை, உலகின் மிக மோசமான களை என்றே பெயர் வாங்கியது. ஆனால் அமெரிக்கா போன்ற இடங்களில்தான் அது அயல். நம் பக்கம் அதன் பூர்வீக எல்லைக்குள்ளேயே இருக்கிறது. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753இல் அதற்குப் பெயர் வைத்தபோது வாழிடம் என்று குறித்ததே இந்தியாவைத்தான். இரியாவும் டிஃபார்மிஸும் அப்படியே: இங்கே பூர்வீகம், அமெரிக்க நெல் வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தவை.

பட்டியலை மட்டும் நம்பாமல் நாலு விஷயத்தைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். உலகப் பட்டியல் என்ன சொல்கிறது? கொங்குப் பகுதியில் கிடைத்த மிகப் பழைய தாள் எது? இன்று அது பள்ளத்தோரம், குளத்தோரம் போன்ற இயற்கையான இடங்களிலும் நிற்கிறதா, உழுத நிலத்தில் மட்டுமா? யாராவது விதையாகவோ அலங்காரச் செடியாகவோ கொண்டுவந்த தடம் உண்டா? நாலும் ஒரே பக்கம் சாய்ந்தால் தைரியமாக எழுதலாம்.

பழைய தாள் இருப்பது மட்டும் பூர்வீகத்துக்குச் சான்று ஆகாது. உழவோடும் வணிகத்தோடும் பல நூற்றாண்டுக்கு முன்பே வந்து தங்கிய செடிகளுக்கும் பழைய தாள் இருக்கும். சித்த மருத்துவத்தில் இருக்கிறதே என்பதும் அப்படித்தான், நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. மறுபக்கம், பூர்வீக இனமே ஓர் இடத்தில் நட்டு வந்ததாக இருக்கலாம். மோகனூர் பாய்க்கோரை தெற்காசியாவின் சொந்தச் செடிதான். ஆனால் அந்த வயலில் அது நிற்பதற்குக் காரணம் மனிதர் கை. இனத்தின் நிலையையும் இடத்தின் நிலையையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

10. பதிவு

ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் கொடுக்கும்போது ஒரே பத்தியாக, இப்படிக் கொடுங்கள்: 'சைபரஸ் ரொட்டண்டஸ். மஞ்சள், கரும்புத் தோட்டங்களில். இனம் இந்தியாவில் பூர்வீகம். இந்த ஊராட்சியில் உழவு நிலத்தில் மட்டும் பார்க்கப்பட்டது. மாதிரி எண், எடுத்த தேதி, அடையாளம் கண்ட அலுவலகம், கடித எண்.' தாவரப் பெயரை ரோமன் எழுத்திலும் கூடவே எழுதுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் வேறு செடியாகிவிடும். ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அலசிய வாளியில் தங்கிய கிழங்குகளைக் குப்பைமேட்டிலோ தென்னைப் பாத்தியிலோ கொட்டாதீர்கள், அங்கேயே முளைக்கும். மொட்டை மாடியில் பரப்பி நன்றாகச் சுருங்கிக் காயும்வரை விட்டு, அடுப்பில் போடுங்கள். களைக்கொத்தையும் செருப்பையும் அதே தோட்டத்தில் கழுவிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போங்கள்.